இரண்டு பேர் பார்க்க வேண்டிய ஸ்லைடு

மார்ச் 3

எலிக்குட்டி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நான் நலம் என்று புளுகப் போவதுமில்லை. வீட்டு விலாசத்துக்கு எழுதினால் உன் புருஷன் கிழித்துப் போடுவான், அதனால் லேபுக்கு எழுதுகிறேன். இங்கே போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் ஒரு கிளார்க் படித்துவிட்டுத்தான் விடுகிறார். கிளார்க் ஐயா, இது அண்ணன் தங்கை விவகாரம். ஆனாலும் படித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

உள்ளே வந்து நாற்பத்தொரு நாள். அதற்கு முன் குடி மறக்க வைக்கும் இல்லத்தில் பத்தொன்பது நாள். குடிக்காதவனுக்கு எதை மறக்க வைப்பார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? முதல் நாள் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஈரத் துணியை முறுக்கி முதுகில் அடித்தார்கள். ஈரத் துணி தழும்பு விடாதாம், நிர்வாகி பெருமையாகச் சொன்னான். "குடிச்சேன்னு சொல்லு, விட்டுடறேன்" என்றான். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கட்டிலில் கட்டிப்போட்டார்கள். ஐந்தாம் நாள் சொல்லிவிட்டேன். குடித்தேன், தினமும் குடித்தேன், பிறந்ததிலிருந்து குடித்தேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகும் அடித்தார்கள், இப்போதுதான் திருந்த ஆரம்பித்திருக்கிறேனாம்.

இங்கே சிறை டாக்டர் என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், மஞ்சள். உங்கள் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "உடம்பே தன் ஈரலைத் தாக்குற நோயா இருக்குமோன்னு டெஸ்ட் எடுத்திருக்காங்க, இல்லைன்னு வந்திருக்கு. அப்போ வேற என்ன? குடிச்சே கெடுத்துக்கிட்ட" என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அந்த ரிப்போர்ட்டின் கீழே உன் கையெழுத்து இருக்கிறது.

போன வாரம் ஒருத்தன் முழங்கையால் மூக்கில் இடித்தான். காலையில் ஆரம்பித்த ரத்தம் மத்தியானச் சோறு வரும்வரை நிற்கவில்லை. ஈரல் கெட்டால் ரத்தம் உறையாதாமே. படித்தவள் நீ, சொல்லு.

உன் புருஷன் முழங்காலை உடைத்தேன். அதற்கு வருத்தமில்லை. என் ரத்தம் என்ன சொன்னது, அதை மட்டும் மறைக்காமல் எழுது. மருந்து இல்லாமல் நான் இங்கே செத்துப்போவேன் போலிருக்கிறது.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் லேப் மேஜையில் சிறை முத்திரை போட்ட உறையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இனிமேல் இங்கே எழுதி என் மானத்தை வாங்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவர் முழங்காலில் இரும்புத் தகடு வைத்து ஆறு திருகு போட்டிருக்கிறார்கள். ஊன்றுகோல் இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போக முடியாது. நீ லிஃப்ட் பழுது பார்க்கிற குழாய்ச் சாவியால் ஒரு மனுஷன் காலை மூன்று முறை அடித்தாய், நான் பக்கத்தில் நின்றேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வருத்தமில்லை என்று எழுதுகிறாயே, உனக்கு எப்படி அண்ணா கை வந்தது?

ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டாய். எலியின் ஈரல், சிறுநீரகம், இரைப்பை மூன்றிலிருந்தும் மெல்லிய சீவல் எடுத்து ஸ்லைடில் ஒட்டியிருக்கும். அதன் மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரை, சீரத்தை, விடுவோம். தன் உடம்பையே எதிரியாக நினைக்கும் எதிர்ப்பொருள் அந்த ரத்தத்தில் இருந்தால், அது எலியின் திசுவிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். உன் ஸ்லைடில் ஒளிரவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவின் கண்ணும் கடைசி இரண்டு வருஷம் இதே மஞ்சளாகத்தான் இருந்தது. "நான் தொடவே இல்ல" என்று அவரும்தான் சத்தியம் செய்தார். பீரோவுக்குப் பின்னாலிருந்து பாட்டில்களை எடுத்தது நானும் நீயும்தான். அவர் பெல்ட்டை உருவும்போது என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளி அடியை வாங்கிக்கொண்டவன் நீ. அப்படிப்பட்டவன் கடைசியில் அவராகவே வந்து நிற்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

முட்டி, மணிக்கட்டு வலி இன்னும் இருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் ஏதாவது வந்ததா? சும்மா கேட்கிறேன். பதில் எழுத வேண்டாம்.

தங்கை


மார்ச் 24

எலிக்குட்டி,

எலி ஈரலைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறாய் என்று நான் வைத்த பெயர் இது. கோபம் வந்தால் பெயரை மாற்றலாம் என்று பார்த்தேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை.

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேட்கிறாய். சரி, கேள். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, காலையில் குவளையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு காலிலும் சிவப்புப் புள்ளி, கொசுக்கடி என்று நினைத்தேன். தடவினால் தட்டுப்படுகிறது.

போன செவ்வாய் தண்ணீர் வாளிக்காகச் சண்டை. வாளி என் முறை. எதிரில் இருப்பவன், ஆள் கழுத்தை அறுத்துவிட்டு வந்தவன், வாளியைத் தூக்கி என் விலாவில் போட்டான். நான் அவன் காதைக் கடித்தேன். ஆமாம், கடித்தேன், துண்டு வரவில்லை அவ்வளவுதான். நான்கு பேர் சேர்ந்து என்னைக் குழாயடியில் போட்டு மிதித்தார்கள். வார்டர் வந்து பிரித்துவிட்டபோது வாந்தி வந்தது. ரத்தம், கட்டி கட்டியாக, கறுத்து. மிதித்தவனே பயந்துபோய் என் தலையைப் பிடித்துக்கொண்டான். "யோவ் மஞ்சளு, செத்துத் தொலைச்சிடாத, எங்களுக்கு ஆயுள் போட்டுடுவானுங்க" என்றான். இங்கே என் பெயர் மஞ்சள்.

இப்போது நான் கேட்கிறேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பிடும்போதெல்லாம் லேப் கதையாகச் சொல்வாய். ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது, குழாயில் நம்பர்தான் தெரிய வேண்டும், பெயரை மறைத்துவிட வேண்டும் என்று. "கண்ணு மனசு சொல்றதைத்தான் பார்க்கும் அண்ணா, அதுக்குத்தான் ரெண்டு பேர்" என்று நீதான் சொன்னாய். என்னுடையதைப் பார்த்த இன்னொருத்தர் யார்?

இன்னொன்று. கிளார்க் படித்தாலும் படிக்கட்டும், சொல்லிவிடுகிறேன். இல்லத்துச் சுவரேறிக் குதித்து உங்கள் மாடி அறைக்கு என் துணியை எடுக்கத்தான் வந்தேன். அடிக்கிற எண்ணமே இல்லை. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உன் புருஷன் உன் வலது கையைப் பிடித்து, காய்ந்த வாணலியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். நீ கத்தக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். அது முதல் தடவை இல்லை என்று அதைப் பார்த்ததும் புரிந்தது. படிக்கட்டடியில் என் கருவிப் பை கிடந்தது. மீதியை நீ பார்த்தாய்.

மாடியில் குடியிருந்துகொண்டு, அவள் கழுத்தில் என்ன, கன்னத்தில் என்ன என்று நான் அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன் இல்லையா? அதனால்தான் ஆள் வைத்து என்னை அந்த இல்லத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். என் மஞ்சள் கண் அவனுக்கு வசதியாகப் போயிற்று.

கோர்ட்டில் நீதிபதி, உன் கையில் என்ன என்று கேட்டார். நீ வெள்ளைக் கையுறை போட்டிருந்தாய். "எண்ணெய் தெறிச்சிடுச்சு" என்றாய். அண்ணன் குடித்துவிட்டு வந்து காரணமே இல்லாமல் அடித்தான் என்றும் சொன்னாய். உன் வாயால் வராததை நான் எப்படிச் சொல்வது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கை இப்போது எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

யாரும் பார்க்கவில்லை. உன் ஸ்லைடை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

இதையும் அந்தக் கிளார்க் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அக்டோபர் 20 அன்று உன் குழாய் வந்தது. பெயரை மறைக்கும் வேலை அன்று என்னுடையது. உன் பெயரைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் லேபில் ஒரு அக்கா இருக்கிறார், எல்லோரும் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவரிடம் போனால் "இது உங்க அண்ணன்தானே, என்னவாம்?" என்று கேட்பார், நான் என்ன சொல்வது? அப்பன் குடிகாரன், அண்ணனும் குடிகாரன் என்று லேப் முழுக்கப் பேசுமே என்று வெட்கம். அடுக்கிலிருந்து உன் குழாயை மட்டும் தனியாக எடுத்துவைத்தேன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நானே செய்து நானே பார்த்தேன்.

இரைப்பையின் தசைப் படலத்தில் மங்கலாக ஒரு பச்சை இருந்தது. இருந்தது அண்ணா. நான் பார்த்தேன். ஆனால் எனக்கு உன் மஞ்சள் கண்தான் ஞாபகம் வந்தது, அப்பா ஞாபகம் வந்தார், பீரோ ஞாபகம் வந்தது. சாயம் சரியாகக் கழுவவில்லை போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இல்லை என்று எழுதினேன். இரண்டாவது ஆளுக்கான கட்டத்தில் பூதக்கண்ணாடியின் கையெழுத்தை நானே போட்டேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்த மறுநாள், ஃப்ரீசரில் மிச்சமிருந்த உன் சீரத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. நாற்பது மடங்கு நீர்க்கச் செய்தேன், எண்பது, நூற்றறுபது என்று போய் அறுநூற்று நாற்பது மடங்கு நீர்த்தும் பச்சை போகவில்லை. இரைப்பைத் தசை, சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்ச் சுவர் எல்லாம் பச்சையாக எரிந்தது. நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதேன். கண்ணாடி வில்லை நனைந்து ஒன்றும் தெரியாமல் போகும்வரை அழுதேன்.

நீ குடிக்கவில்லை. உன் உடம்பின் காவல்காரர்களே உன் ஈரலை அடித்துக் கொல்கிறார்கள். அந்த எதிர்ப்பொருள்களே நேரடியாக அடிக்கின்றனவா, அடிக்கிற இடத்தில் நின்று சாட்சி மட்டும் சொல்கின்றனவா என்று முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவை தாங்கள் பிடித்ததோடு சேர்ந்து கொத்துக் கொத்தாகத் திரண்டு ரத்தத்தில் சுற்றும். சாதாரணமாக அந்தக் கொத்துகளைப் பொறுக்கியெடுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வதே ஈரல்தான். உன் ஈரலுக்குத் தெம்பு இல்லை. அதனால் அவை மூட்டிலும் தோலுக்கடியில் இருக்கும் சின்னக் குழாய்களிலும் போய் அடைத்துக்கொள்கின்றன. உன் மணிக்கட்டும் சிவப்புப் புள்ளியும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் சும்மா கேட்கிறேன் என்று கேட்டேன். சும்மா கேட்கவில்லை.

மருந்து இருக்கிறது. அந்தக் காவல்காரர்களை அடக்கும் மருந்து. ஆனால் திருத்திய ரிப்போர்ட் இல்லாமல் சிறை டாக்டர் அதைத் தொட மாட்டார். ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டுமென்றால் நான் தலைமை டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கள்ளக் கையெழுத்துக்கு வேலை போகும். இந்த வேலை ஒன்றுதான் அந்த வீட்டிலிருந்து தினமும் என்னை வெளியே விடுகிறது. இதுவும் போனால் அந்த நான்கு சுவர்தான். ஆறு மாதம் ஆன குழாய்களை 20ஆம் தேதி அழித்துவிடுவார்கள். தினமும் தலைமை டாக்டரின் கதவு வரை போகிறேன், திரும்பிவிடுகிறேன்.

கை ஆறிவிட்டது. இரண்டு விரல் மடங்காது. லேபில் எப்போதும் கையுறை போட்டிருப்பதால் யாருக்கும் தெரியாது.

என்னைத் திட்டி எழுது. நீ திட்டினால்தான் எனக்குப் போகத் தோன்றும்.

தங்கை


ஏப்ரல் 12

எலிக்குட்டி,

இதை என் வாயால் சொல்லி, வாளியால் என்னை அடித்தவன் கையால் எழுதுகிறேன். என் கை நடுங்குகிறது. அவன் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். விரல் முட்டி உடைந்தது. உன் முகத்தை நினைத்துக்கொண்டுதான் குத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். ஈரத் துணியில் அடி வாங்கும்போதுகூட, என் தங்கச்சி பார்த்த ரிப்போர்ட் தப்பாக இருக்காது, ஒருவேளை நான்தான் தூக்கத்தில் குடித்தேனோ என்று என்மேலேயே சந்தேகப்பட்டேன். அவ்வளவு நம்பினேன் உன்னை. பாவி.

திட்டிவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள்.

அந்தக் கதவைத் தட்டாதே. குழாயை அவர்கள் அழிக்கட்டும். வேலை போனால் நீ அந்த வாணலிக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்க வேண்டும். நான் உள்ளே இருக்கிறேன், இந்த முறை கருவிப் பையோடு வர முடியாது. வயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது, நேற்று என்ன கிழமை என்று கேட்டதற்கு நான் வேறு எதையோ சொன்னேனாம். இந்த உடம்புக்கு மருந்து வந்தாலும் எவ்வளவு நாளைக்கு? நான் குடிக்கவில்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது போதும்.

எழுதுகிறவன் நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து முறைக்கிறான். "லூசா நீ? உயிர் போவுது, வேலை போவுதுன்னு கணக்கு பார்த்துக்கிட்டு" என்கிறான். இனி வருவதை நான் எழுதச் சொல்லவில்லை, அவனாக எழுதுகிறான். அம்மா தங்கச்சி, இவரு நேத்தும் ரத்தம் கக்குனாரு. சீக்கிரம் ஏதாச்சும் பண்ணு.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

உன் பேச்சைக் கேட்கவில்லை. உன் எழுத்தாளர் பேச்சைக் கேட்டேன்.

19ஆம் தேதி காலை தலைமை டாக்டர் முன்னால் நின்று கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை, சுத்தமான கையோடு பேச வேண்டும் என்று தோன்றியது. அவர் உன் குழாயை எடுக்கச் சொல்லி, பெயரை மறைத்து, வேறு பத்து குழாய்களோடு கலந்து பூதக்கண்ணாடியிடமும் இன்னொருவரிடமும் கொடுத்தார். இருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு தாளிலும் ஒரே விடை, இருக்கிறது என்று.

எதற்காகப் பார்த்தோம் என்று தெரிந்ததும் பூதக்கண்ணாடி வராந்தாவுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காதுக்குள் கூவென்றது. "இருபத்தாறு வருஷம்டி. என் கையெழுத்தை நம்பி எத்தனை பேரு மருந்து சாப்பிடறாங்க" என்றார். நான் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன். நியாயமாக வாங்கியது அது ஒன்றுதான். பிறகு அவரே என் வலது கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொன்னேன் அல்லவா. "இது எண்ணெய் இல்ல" என்றார்.

திருத்திய ரிப்போர்ட் அன்றைக்கே சிறை டாக்டருக்குப் போய்விட்டது. தலைமை டாக்டரே தொலைபேசியில் பேசினார். என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் என் புருஷனிடம் சொன்னேன். ஊன்றுகோலைத் தூக்கி என் தோளில் அடித்தார். இரண்டாவது முறை தூக்கியபோது அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு காலில் நின்றார். விட்டால் விழுவார் என்று இருவருக்கும் தெரிந்தது. "விடுடி" என்றார். விட்டேன். விழுந்தார். தகடு வைத்த முழங்கால் தரையில் மோதிய சத்தம் கேட்டது. எனக்குப் பாவமாக இல்லை அண்ணா, நிம்மதியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது, நமக்குள்ளும் அப்பா எங்கேயோ இருக்கிறார் போல. பக்கத்து வீட்டில் சொல்லி ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு பையோடு வெளியே வந்தேன்.

போலீஸ் நிலையத்துக்குப் போய், முன்பு கோர்ட்டில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். "பொய் சாட்சி சொன்னதுக்கு உன் மேலயும் கேஸ் வரும்மா, தெரியுதா?" என்றார் எழுத்தர். தெரியும் என்றேன். இப்போது பூதக்கண்ணாடியின் வீட்டில் இருக்கிறேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறார்.

மருந்து கொடுத்தார்களா? ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் அவரை எழுதச் சொல்.

தங்கை


மே 9

எலிக்குட்டி,

என் கையாலேயே எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். இடது கையை விலங்கு போட்டுக் கட்டில் கம்பியோடு பூட்டியிருக்கிறார்கள், வலது கை எழுதுவதற்கு. வந்த அன்று இன்னொரு தடவை ரத்தம் கக்கினேன், தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே கிழிந்த ரத்த நரம்பை முடிச்சுப் போட்டார்கள். அதற்குப் பிறகு மாத்திரை. சின்னதாக, வெள்ளையாக இருக்கிறது. மூன்றாம் வாரம் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. நேற்று நர்ஸ் கண்ணைப் பார்த்துவிட்டு, "வெளுத்துட்டு வருதே" என்றார். முகம் உப்பிப் பந்து மாதிரி ஆகிவிட்டது, பசி உயிரை வாங்குகிறது. ஈரலில் பாதி தழும்பாம், அது போகாது, மீதிப் பாதியைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். மாத்திரை காவல்காரர்களை அடக்கிவிட்டதால் சின்னக் காயம்கூடச் சீழ் பிடிக்குமாம். "யார்கூடவும் சண்டை போடாத" என்றார். விலங்கைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. முதுகு வலிக்கிற நாளில் இன்னும் வருகிறது. வரும்போதெல்லாம் நீ பெல்ட்டுக்குப் பயந்து என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாயே, அந்தப் பிடியும் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜூன் 2 அன்று கேஸ் மறுபடி விசாரணைக்கு வருகிறது. கால் உடைத்ததற்குத் தண்டனை உண்டு, வக்கீல் சொல்லிவிட்டார், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஏன் உடைத்தேன் என்று இந்த முறை நீதிபதி கேட்பார். உன்னைக் கூண்டில் ஏற்றுவார்கள்.

அன்றைக்குக் கையுறை போட்டுக்கொண்டு வராதே.

அண்ணன்